காலாங் எருமை

எங்கள் அண்ணன் பெயர் இருளப்பன்.
இருட்டடிப்பு வந்தபோது தெருவே சிரித்தது:
"இவனுக்கென்றே சட்டம் போட்டிருக்கிறான் வெள்ளைக்காரன்!"
அண்ணன் சிரிக்கவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு நின்றான்.
"இது தபால் விமானம், பத்தாவியா போகுது.
இது தண்ணியில் இறங்குறது, வயிறு கனத்த சத்தம்.
இது... இது நம்மளது இல்லை. ஓடு!"

அப்பாவுக்குக் காலாங் விமானத் திடலில்
புல் வெட்டும் வேலை.
அங்கே ஓரமாய் ஒன்று கிடந்தது,
குட்டையாய், தடியாய், மூக்கு நசுங்கி.
"அதுக்குப் பேரு எருமையாம்" என்று சொல்லிவிட்டு
அப்பா கஞ்சி குடிக்கப் போய்விட்டார்.
அன்றோடு போனது அண்ணனின் தூக்கம்.
எருமை என்றால், பசிக்குமே?

தைப்பூசத்துக்கு முந்தின இரவு.
ரோவல் சாலையில் வார்டன் தியோ
கதவு கதவாய்த் தட்டினார்:
"அணை, அணை, சுருட்டையும் அணை!"
எல்லாம் அணைந்தது.
நிலா அணையவில்லை.
கூரை ஓடுகளை எண்ணிவிடலாம், அவ்வளவு வெளிச்சம்.
வருகிறவனுக்கு வழிகாட்ட
ஆறு வேறு மினுங்கிக்கொண்டு கிடந்தது.

அண்ணன் ஜன்னல் துணியைக் கழற்றினான்.
அம்மாவின் இரண்டு சேலை, கறுப்புச் சாயம் தோய்த்தது.
"ஊக்கு எடுத்துக்கோ, பவளம்."
ஏன் என்று கேட்கவில்லை.
எனக்கு ஏழு வயது. வீட்டு ஊக்குகளுக்கு
நான்தான் அதிகாரி.

லாலான் புல் ஒரு கட்டு கொண்டுபோய்ப் போட்டோம்.
முகர்ந்தது. தகரக் காதை ஆட்டியது.
மென்றது, மென்றது,
வயிற்றுக்குள் ஏதோ உருண்டு, உறுமல்.
"ஹை!" என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டினான்.
ஓடி, சேற்றில் வழுக்கி, மறுபடி ஓடி,
ஆற்றில் ஒரு வாய் தண்ணீர் குடித்து,
பிறகு தரை இல்லை.

சிராங்கூன் சாலை கீழே ரிப்பனாய்ச் சுருங்கியது.
காளி கோயில் விமானம் அண்ணாந்து பார்த்தது:
"பேர் மட்டும் எனக்கு, பறக்கிறது நீயா?"
எருமை வழியெல்லாம் மேகம் மேய்ந்தது.
நேரமாகுது என்றால் எந்த எருமை கேட்கும்?

கிட்டத்தில் நிலா பெரிதாய் ஒன்றுமில்லை,
எங்கள் மாவுச் சல்லடை அளவு. சில்லென்றிருந்தது.
துணியைப் போர்த்தினோம், சுற்றிலும் ஊக்குக் குத்தினேன்.
பதினொன்றுதான். ஒன்று குறைந்தது.
அந்த இடத்தில் வெளிச்சம் ஒழுகியது.
அண்ணன் உள்ளங்கையை வைத்து அடைத்தான்.

அப்போது வந்தன, இருபத்தேழு.
ஒரே சீராய், சிறகோடு சிறகு உரசாமல்,
எங்கள் காலுக்குக் கீழே.
நான் கண்ணை மூடிக்கொண்டேன்.
அண்ணன் மூடவில்லை.
"அழகா இருக்கு, பவளம்"
என்றான். சொன்ன வாயைக் கடித்துக்கொண்டான்.
இறங்கும்வரை அதற்குப் பிறகு பேச்சில்லை.

ஊரைத் தேடின, ஊர் இல்லை.
ஆற்றைத் தேடின, ஆறும் இல்லை.
கடலில் கொட்டிவிட்டுத் திரும்பின.
காலையில் காத்தோங் கரையெல்லாம் மீன்.

அம்மா விளக்குமாற்றோடு நின்றாள்:
"துணி எங்கேடா?"
"நிலாவுக்குப் போர்த்தினோம்" என்றேன்.
இரண்டு அடி. பொய் சொல்லியிருந்தால் ஒன்றோடு போயிருக்கும்.

எருமையை லாரியில் ஏற்றிவிட்டார்கள் என்றார் அப்பா.
நாங்கள் போய்ப் பார்த்தோம்.
மென்று துப்பிய புல், ஈரத்தில் சக்கரத் தடம்.
தடம் திடலின் பாதியில் நின்றிருந்தது.

அன்றிரவு துணி நழுவிவிட்டது.
பூச நிலா முழுதாய் வந்தது.
இருபத்தேழும் வந்தன, வழி தெரிந்து.
குழிக்குள் எல்லாரும் அண்ணனைப் பார்த்தார்கள்,
"என்னடா விமானம், சொல்லு" என்று.
அவன் சொல்லவில்லை.
என் காதை மட்டும் பொத்தினான்.

மேலேயிருந்து தியோ கத்தினார்:
"யாரது, குழிக்குள்ள விளக்கு?"
அண்ணன் என் காதிலிருந்து கையை எடுத்து
இறுக மூடிக்கொண்டான்.